பால் சொசைட்டி நேரம்

விக்கிரமசிங்கபுரத்தில் பெருமாள்ராஜுக்கு என்ன வேலை என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். எதிர்வீட்டு மதார், "வீட்லதான் இருக்காரு" என்பார். மனைவி முத்துராணி, "மெயில் பாக்காவ" என்பாள். அப்பா சுடலையாண்டி, "மாடியில இருக்கான்" என்று வேலையையும் முகவரியையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டையா அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். 'சொந்தத் தொழில்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். அதை அடித்துவிட்டு 'தொழில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

பெருமாள்ராஜுக்குத் தொழில் உண்டு. காலையில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அரைநாள் வேலை, அது சோற்றுக்கு. மீதி நாள் முழுக்க 'நாழிகை'. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் ஒரு சின்ன மென்பொருள் அது. சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதன் கடிகாரமும் நம் வீட்டுக் கடிகாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பும். நாழிகை உள்ளே உட்கார்ந்துகொண்டு, நாலைந்து நம்பகமான இடங்களில் மணி கேட்டு, அதில் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்கி, மற்றவை சொல்லும் நேரத்துக்குத் தன் கடிகாரத்தை இழுத்து வைக்கும். அவ்வளவுதான். எழுதியவர் பெருமாள்ராஜ். எழுதியதை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார். பயன்படுத்தக் காசு வேண்டாம். திட்டவும் காசு வேண்டாம் என்பதால் இரண்டாவது வசதியை உலகம் கூடுதலாகவே அனுபவித்து வந்தது.

அப்பா சுடலையாண்டி நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் சங்கு ஊதினால் மணி எட்டு, ஊதாவிட்டால் எட்டாகவில்லை என்று நேர விஷயத்தில் ஒரு குழப்பமும் இல்லாமல் வாழ்ந்தவர். மகன் பதினோரு வருஷமாக ஒரு வினாடியை ஆயிரமாகக் கீறி, அந்தக் கீறல்களில் எது கோணல் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அடுப்படியில் முத்துராணியின் கடிகாரம் கால் மணி நேரம் வேகமாக ஓடியது. அதைத் தொடும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை.

இந்தப் பதினோரு வருஷத்துக்கும் மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி கெடு வைத்தது.

லினக்ஸ் என்பது தனி ஆளாக வருவதில்லை. ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கட்டி, மூட்டையாகத்தான் வெளியிடுவார்கள். அப்படி ஒரு பெரிய மூட்டையில் நேரம் பார்க்கும் உத்தியோகம் நாழிகைக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புது மூட்டை கட்டும்போது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் 'தீவிரம்' என்று முத்திரை குத்திய புகார் எதன் மேலாவது முடியாமல் நின்றால், அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். மூட்டையிலிருந்து விழுந்ததை யாரும் தேடிப் போய்ப் பொறுக்குவதில்லை. நாழிகை மேல் அப்படி ஒரே ஒரு புகார் நின்றது.

'உங்கள் மென்பொருளால் எங்கள் கடிகாரம் தினமும் தவறாகிறது. பத்து நிமிடம் பின்னால் போய்விடுகிறது. இரண்டு வேளையும் பால் எடுக்க முடியவில்லை. ஆவன செய்யவும்.'

இரண்டு மாதமாக இந்த நாலு வரி உலகத்தைச் சுற்றியது. கெட்டுப்போன பேட்டரி என்றார் ஒரு பின்லாந்துக்காரர். மூட்டை கட்டும் குழுவுக்கு அவர்தான் தலைவர். பேட்டரி அல்ல, எவனோ கெட்டவன் உள்ளே புகுந்து தாக்குகிறான் என்றார் ஒரு பிரேசில்காரர். ஒரு கனடாக்காரர் யாரும் கேட்காமலே நானூறு வரியில் ஒரு திருத்தம் எழுதி அனுப்ப, அதனால் வேறு மூன்று இடங்களில் கடிகாரம் நின்றது. பெருமாள்ராஜ் மட்டும் புகார் கொடுத்தவரிடம் நேராகவே கேட்டார்: 'யாராவது கையால் நேரத்தை மாற்றுகிறீர்களா?' மறுநாள் பதில் வந்தது: 'மாற்றுவதில்லை. தவறாகும்போது சரி மட்டும் செய்கிறோம்.'

கெடுவுக்கு முந்தின நாள் அந்தக் கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் குறிப்புக் கோப்பு வந்து சேர்ந்தது. அதைத் திறந்த பெருமாள்ராஜ், மேலே இருந்த பெயரைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்தார். கீழப்பொழில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். ஆற்றுக்கு அந்தக் கரை. பதினெட்டு கிலோமீட்டர். போன தையில் அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

குறிப்பில் இருந்தது அதைவிட எளிமை. தினமும் யாரோ கடிகாரத்தைச் சரியாகப் பத்து நிமிடம் முன்னால் தள்ளுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாழிகை அதை இழுத்து இடத்தில் வைக்கிறது. மறுபடி தள்ளுகிறார்கள். மறுபடி இழுக்கிறது. இரண்டு மாதமாக உலகத்து மூளைகள் கூடிப் பார்த்தது இந்தக் கயிறு இழுக்கும் போட்டியைத்தான்.

இதைப் பின்லாந்துக்காரருக்கு எழுதினார். அவர் பதில் போட்டார்: 'சரி. ஆனால் விதி விதிதான். புகார் கொடுத்தவரே தன் முகவரியிலிருந்து, மென்பொருள் மேல் குற்றமில்லை என்று எழுதட்டும். வெள்ளிக்கிழமை உலக நேரம் பன்னிரண்டுக்குள்.' நம் ஊரில் அது மாலை ஐந்தரை.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்குப் பெருமாள்ராஜ் கீழப்பொழிலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். சொசைட்டி ஓர் அறைதான். வாசலில் பால் ஊற்றும் தராசு, உள்ளே மேசையில் அதோடு ஒயரில் இணைத்த பழைய கம்ப்யூட்டர், சுவரில் கடிகாரம். அது நாலு இருபத்தைந்து காட்டியது. பெருமாள்ராஜுக்குப் பல் கூசியது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்தான் பிரியதர்ஷினி. அந்த நாலு வரி அவள் எழுதியது. வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், நீங்க அமெரிக்காவுலன்னுல்ல நெனச்சேன்!"

"வி.கே.புரம்மா."

"வி.கே.புரமா?" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா இதைப் பத்து நிமிஷம் தள்ளி வைக்கிய?"

"நான் தள்ளல சார். சுவத்துக் கடிகாரத்தப் பாத்து அதே மாதிரி வைப்பேன். செயலாளர் சார் உத்தரவு. ஆனா வச்சாலும் நிக்க மாட்டேங்குது. திடீர்னு பின்னால போயிருதா, முந்தின பால் சீட்டு அஞ்சு மணின்னு இருக்கும், அடுத்த சீட்டு நாலு அம்பதுன்னு வரும். மெஷின் எடுக்காம நின்னு போகும். அதை எழுப்பக் கால் மணி நேரம் ஆகும். பால்காரவ எல்லாம் என்னையத்தான் ஏசுதாவ."

"ஒரு வரி எழுதிரும்மா. மென்பொருள் மேல தப்பில்லைன்னு. அது போதும்."

"செயலாளர் சார் சொல்லாம நான் எப்படி சார் எழுத?"

செயலாளர் தில்லைநாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்ததும் உள்ளே நுழைந்தார். அதாவது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. பெருமாள்ராஜ் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆக, எங்க கடியாரத்தைப் பிடிச்சுப் பின்னால இழுக்கது நீர்தான்."

"நானில்ல சார். சரியான நேரம் எதுவோ அதுக்குக் கொண்டு வரும்."

"யாருக்குச் சரியான நேரம்? லாரிக்காரன் வாரது அஞ்சு நாப்பதுக்கு. ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். கடியாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடினாத்தான் இந்தச் சனம் கேனைத் தூக்கிட்டு ஓடி வரும். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல இப்படித்தாம்வே மணி அடிச்சேன். ஒரு பய லேட்டா வந்தது கிடையாது."

"சுவத்துல எப்படியும் வச்சுக்கிடுங்க சார். சர்வர்ல வைக்கக் கூடாது."

"சுவரு ஒண்ணு சொல்லி, மிஷின் ஒண்ணு சொன்னா, சொசைட்டிக்கு என்னவே மரியாதை?"

பெருமாள்ராஜ் வினாடியை ஆயிரமாகக் கீறத் தெரிந்தவர். மரியாதை அந்தக் கணக்கில் வராது. தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். தராசுப் பக்கம் வரிசையே இல்லை. மர நிழலில் பால் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். சுடலைவடிவு. மூன்று மாடு, ஒரு கன்றுக்குட்டி.

"என்ன தம்பி, மிஷின ரிப்பேர் பண்ண வந்தியளா?"

"கடிகாரத்தை அக்கா. பத்து நிமிஷம் வேகமா ஓடுது."

"அது ஊருக்கே தெரியுமே. உள்ள அஞ்சரைன்னா வெளிய அஞ்சு இருவது. லாரி வர இருவது நிமிஷம் கிடக்குன்னு நாங்க பையத்தான் பால் கறப்போம்."

பெருமாள்ராஜின் முகம் மலர்ந்தது. "அப்ப அவர் முந்தி வச்சு ஒரு பிரயோசனமும் இல்லையா? இதை அவர்கிட்டச் சொன்னாலே போதுமே!"

சுடலைவடிவு வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தே விட்டாள். "ஏய், நல்லாருப்பிய, அப்படி ஒண்ணும் செஞ்சிராதிய! தெரிஞ்சா மனுசன் இருவது நிமிசமாக்கிருவாரு. பத்தைக் கழிச்சுப் பழகவே எங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

பெருமாள்ராஜ் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். கையில் துருப்புச் சீட்டு இருக்கிறது, இறக்க முடியாது. அவருடைய வாழ்க்கையில் இதெல்லாம் புதிதில்லை.

மணி ஐந்து பத்து. கடைசியில் காலில் விழாத குறையாகச் சொன்னார். "சார், பதினோரு வருஷ வேலை. இன்னும் இருவது நிமிஷத்துல போயிரும். சொசைட்டியிலதான் கையால வைக்கோம்னு ஒரு வரி. உண்மை அதுதானே?"

உண்மை என்ற சொல் தலைமையாசிரியரிடம் வேலை செய்தது. "அதுல எனக்கு மறுப்பில்லை. ஏட்டி பிரியா, லெட்டர்பேடை எடு. ஆனா வே, ஒரு வரியில எழுத மாட்டேன். முறையா எழுதணும்."

முறையாக எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. 'தாங்கள் கோரியவாறு' என்று ஆரம்பித்து, 'தாங்கள் கோரியதற்கிணங்க' என்று அடித்துத் திருத்தினார். கடிகாரம் சங்க நலன் கருதிச் செயலாளரின் உத்தரவின்படி கையால் முன்வைக்கப்படுகிறது, இதில் மேற்படி மென்பொருளின் மேல் குற்றம் இல்லை என்று இரண்டாவது பத்தி. முத்திரை காய்ந்திருந்ததால் அதில் எச்சில் தொட்டு அழுத்தினார். கடிதத்தைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மெயிலோடு சேர்த்து, பிரியதர்ஷினி அனுப்பப் போகும்போது பெருமாள்ராஜின் கண் திரையின் மூலைக்குப் போனது. ஐந்து முப்பத்திரண்டு.

"நிறுத்தும்மா!"

தன் போனைப் பார்த்தார். ஐந்து இருபத்திரண்டு. இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போகும் மெயிலில் இந்தக் கம்ப்யூட்டரின் நேரம்தான் விழும். கெடு முடிந்து இரண்டு நிமிஷம் கழித்து எழுதியதாகப் போய்ச் சேரும். அவள் போனிலிருந்து அனுப்பலாமென்றால், சொசைட்டி மெயிலின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் போட்டுத் தந்த கம்பெனிக்காரன் அதற்குள்ளேயே பதித்துவிட்டுப் போனவன்தான்.

கடிகாரத்தைச் சரியாக்கிவிட்டு அனுப்பலாம். ஒரு கட்டளை, அரை வினாடி. ஆனால் இழுத்த உடனே தராசு படுத்துவிடும். வெளியே பார்த்தார். நிழல் காலியாகி, ஐந்து பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். நாலாவது ஆள் சுடலைவடிவு. லாரி வர பதினெட்டு நிமிஷம். தராசை எழுப்பப் பதினைந்து.

கை விசைப்பலகைமேல் போய் நின்றது. பதினோரு வருஷம் ஒரு பக்கம், ஐந்து கேன் பால் ஒரு பக்கம்.

"பால் முதல்ல போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே எரிச்சலாக இருந்தது.

முதல் கேன். இரண்டாவது. மூன்றாவது ஆள் ஊற்றும்போது சிந்தி, துடைத்து, தன் சீட்டில் கொழுப்பு குறைந்திருக்கிறது என்று சண்டை பிடித்தார். ஐந்து இருபத்தெட்டுக்குக் கடைசிக் கேனும் முடிந்தது. பெருமாள்ராஜ் பாய்ந்து போய்க் கட்டளையைத் தட்டினார். மூலையில் நேரம் ஐந்து இருபத்தெட்டுக்கு வந்து நின்றது. "இப்ப அனுப்பும்மா!" என்றபோது வெளியே சத்தம் கேட்டது.

"தம்பி, ஒரு கை பிடிங்க! பெரிய கேன் சாயப் போகுது!"

அவருக்கு மட்டும் இரண்டு கை இருப்பதாக உலகம் எப்போதும் சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிடும். ஓடினார். சுடலைவடிவோடு சேர்ந்து சொசைட்டியின் பெரிய கேனை நிமிர்த்தி, ஓரமாக உருட்டி வைத்துவிட்டு, வேட்டியெல்லாம் பாலோடு உள்ளே வந்தார். பிரியதர்ஷினி எழுந்து நின்றாள்.

"அனுப்பியாச்சு சார். அஞ்சரைக்கு ஒரு நிமிசம் இருக்கும்போதே அனுப்பிட்டேன்."

பெருமாள்ராஜ் நிம்மதியாக வேட்டியைப் பிழிந்தார். தில்லைநாயகம் மேசை ஓரத்தில் பெருமிதமாக நின்றார்.

"உம்ம நல்ல நேரம் வே, நான் பக்கத்துல இருந்தேன். அனுப்புத நேரத்துல பாத்தா மிஷின்ல மணி பத்து நிமிஷம் தப்பா இருக்கு. நேரம் தப்பா ஒரு கடுதாசி நம்ம சொசைட்டியில இருந்து போகலாமா? பிரியாவச் சரி பண்ணச் சொல்லிட்டுத்தான் அனுப்ப விட்டேன்."

திரையில், அனுப்பிய மெயிலின் தலையில், 5.39 என்றிருந்தது.

பத்து நிமிஷம் கழித்து வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தில்லைநாயகம் சொன்னார்: "அஞ்சு அம்பது. இன்னைக்கும் பத்து நிமிஷம் லேட்டு. இவன் மேல நான் எத்தனை வருஷமா எழுதுதேன் தெரியுமா?"

திரும்பும் பஸ்ஸில், புகாரின் கீழேயே பின்லாந்திலிருந்து பதில் வந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனை வைத்துப் படித்தார். 'கடிதத்தை மொழிபெயர்த்துப் பார்த்தோம். அழகான முத்திரை. ஆனால் மெயிலில் உள்ள நேரம் ஒன்பது நிமிடம் தாமதம். எங்களுக்கு வந்து சேர்ந்த நேரமோ பன்னிரண்டுக்கு முன். அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் தவறு என்று நீங்கள் எழுத்தில் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம். ஒரு சந்தேகம். அதில் ஓடுவது உங்கள் நாழிகைதானே?'

பெருமாள்ராஜ் இதை மூன்று முறை படித்தார். நாழிகை பிழைக்க வேண்டுமானால், நாழிகை ஓடுகிற கம்ப்யூட்டரில் நேரம் தப்பு என்று நாழிகையை எழுதியவரே உலகமறியச் சாட்சி சொல்ல வேண்டும். பதில் எழுதி அழித்தார். எழுதி அழித்தார். கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும், ஆத்திரம் தீர எல்லாவற்றையும் கொட்டினார். செயலாளர், சுவர், லாரி, வேட்டியில் பால், எல்லாம். கோபத்தின் வேகத்தில் கடைசியில் ஒரு வரி: 'இத்தனைக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. ஊரே அந்தக் கடிகாரத்தில் பத்தைக் கழித்துத்தான் பார்க்கிறது.' அனுப்பிவிட்டார்.

நாழிகை பிழைத்தது. மூட்டையோடு வந்த குறிப்பேட்டில், தெரிந்த குறைகள் என்ற தலைப்பின் கீழ், பின்லாந்துக்காரர் சிரிக்காமல் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நாழிகை: செயலாளர் உள்ள இடங்களில் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.' உலகம் பூராவும் அது போயிற்று. எங்கள் அலுவலகத்திலும் ஒரு செயலாளர் உண்டு என்று பதினான்கு பேர் எழுதினார்கள். பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட இப்படிப் பாராட்டி எழுதியதில்லை.

ஒரு விஷயத்தைத்தான் அவர் மறந்திருந்தார். புகாரில் யார் எதை எழுதினாலும் அதில் ஒரு படி தானாகவே புகார் கொடுத்தவருக்குப் போகும். அந்த ஏற்பாட்டைப் பல வருஷம் முன்னால் வேண்டுமென்று கேட்டு வாங்கியவரும் அவர்தான். பிரியதர்ஷினி பொறுப்பான பெண். சொசைட்டிக்கு வந்த தபாலைப் படியெடுத்து, தமிழில் எழுதி, செயலாளர் மேசையில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மாடியில் போன் அடித்தது.

"யாரு, மென்பொருளா? சுடலைவடிவு பேசுதேன். பிரியாகிட்ட நம்பர் வாங்குனேன். ஏம்யா, படிச்ச ஆளுதானே நீரு? உம்மகிட்ட என்ன சொன்னேன்? இன்னைக்கு விடியக்காலம் போயிப் பாக்கேன், கடியாரம் இருவது நிமிசம் முந்தி நிக்குது. நோட்டீஸ் வேற ஒட்டிருக்காரு. இனி நான் மாட்டுக்கு எப்பம் தண்ணி காட்ட, எப்பம் கறக்க? வீட்ல கடியாரம் பாப்பியளா மாட்டியளா நீங்கல்லாம்?"

"அக்கா, நான் என்ன..."

வைத்துவிட்டாள். பெருமாள்ராஜ் கீழே இறங்கிப் போய் முத்துராணியின் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே கால். மனசுக்குள் பதினைந்தைக் கழித்தார். மேலே வந்து மெயிலைத் திறந்தபோது ஒரு புதுப் புகார் காத்திருந்தது. முத்திரை: தீவிரம். அனுப்பியவர்: கீழப்பொழில்.

'ஐயா, கடிகாரம் இப்போது இருபது நிமிடம் பின்னால் போகிறது. போன தடவைக்கு இரண்டு மடங்கு. ஆவன செய்யவும்.'